உடல் எடை கூடிய கர்ப்பிணிக்கு வீட்டுப் பிரசவம் சரிவருமா?

பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொண்டால் என்ன என்று நினைக்கும் பெண்கள் இலங்கை மலையகத்தில் இன்றும் இருக்கிறார்கள். கிளினிக்கில் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்டால் ஏசுவார்கள் என்ற பயம்.

அந்த ஆசைக்கான காரணங்களை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். தமிழ் தெரியாதவர்களிடம், இடுப்பு வலியோடு, தனக்கு என்ன செய்கிறது என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவோ கணவரோ பக்கத்தில் இல்லாமல் தனியே கிடக்க வேண்டியிருக்கலாம். டவுனுக்குப் போய்வர த்ரீவீலுக்குக் கொடுக்கும் காசு ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தையே விழுங்கிவிடும். அதோடு, "எனக்கு எல்லாப் பிள்ளையும் இந்தக் காம்பராவுலதான் பொறந்துச்சு" என்று சொல்ல ஆச்சி ஒருவர் பக்கத்து லயத்திலேயே, அதாவது அடுத்த வரிசை வீட்டிலேயே இருப்பார்.

இந்த ஆசையுள்ள பெண்ணின் கிளினிக் கார்டில் எடை கூடுதல் என்று எழுதியிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். வீட்டுப் பிரசவம் கூடாது என்பார்கள். ஏன் என்று பொறுமையாகச் சொல்ல அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. அந்த "ஏன்" என்பதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து விளக்கப் பார்க்கிறேன்.

எடை கூடுதல் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

தராசு காட்டும் கிலோவை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் திணிவுச் சுட்டி. பிஎம்ஐ என்று கிளினிக்கில் சொல்வது இதைத்தான். 18.5 முதல் 24.9 வரை சாதாரணம், 25-இலிருந்து எடை கூடுதல், 30-உம் அதற்கு மேலும் உடற்பருமன்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 62 கிலோ எடையுள்ள பெண் 165 சென்டிமீட்டர் உயரம் என்றால் சுட்டி 22.8, சாதாரணம். அதே 62 கிலோ, உயரம் 148 சென்டிமீட்டர் என்றால் 28.3 வந்துவிடும். மலையகத்தில் உயரம் குறைந்த பெண்கள் அதிகம். பார்வைக்குக் குண்டாகவே தெரியாத ஒருவரின் கார்டில் எடை கூடுதல் என்று எழுதப்படுவது இதனால்தான். "நான் அப்படி ஒன்றும் தடிப்பில்லையே" என்று அந்தப் பெண் குழம்புவதும் நியாயம்தான்.

கர்ப்பத்தின் பின்பகுதியில் இந்தக் கணக்கைப் போட முடியாது. பிள்ளை, நஞ்சு (நச்சுக்கொடி), பனிக்குட நீர், கூடிய இரத்தம் எல்லாம் சேர்ந்து எடை ஏறியிருக்கும். ஆகவே முதல் 12 வாரத்துக்குள் எடுத்த எடைதான் கணக்கு. நாள் தள்ளிப்போனதுமே குடும்பநல மாதுவிடம் (பகுதிக்குரிய அரச மருத்துவ மாது) பதிந்துகொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்களைப் போன்ற ஆசிய மக்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே சுட்டியில் எங்கள் உடலில் கொழுப்பின் பங்கு ஐரோப்பியரைவிடக் கூடுதல், அதுவும் வயிற்றைச் சுற்றி. அதனால் சீனி வருத்தமும் (நீரிழிவும்) முந்தியே வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற அளவுகளிலேயே கவனம் தொடங்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். தேயிலைத் தோட்டங்களில் 2.5 கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதல். இது இன்று நேற்று வந்த நிலைமை இல்லை. அப்படிச் சின்னதாகப் பிறந்த பெண் பிள்ளை வளர்ந்து எடை போடும்போது சீனி வருத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தாய் அரைவயிற்றோடு சுமந்ததன் விளைவை மகள் தன் கர்ப்பத்தில் சுமக்கிறாள். ஆகவே எடை கூடுதல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று ஒரு பெண்ணைக் குறை சொல்வது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

எடை கூடினால் பிரசவத்தில் என்ன மாறுகிறது?

முதலில் நல்ல செய்தி. எடை கூடிய பெண்களில் பெரும்பாலானோர் நல்ல சுகமான பிள்ளையையே பெற்றெடுக்கிறார்கள். சிலவகைச் சிக்கல்களுக்கான வாய்ப்புத்தான் ஏறுகிறது. சுட்டி 30-ஐத் தாண்டினால் கர்ப்பகாலச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு, பிரஷர் ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் நிலை வரும் வாய்ப்பு 2 முதல் 4 மடங்கு. 4 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளை பிறப்பது, பிரித்தானியக் கணக்கின்படி 100 பேரில் 7 என்பதிலிருந்து 14 ஆகிறது. கால் நரம்பில் இரத்தம் கட்டுவதும் கூடுகிறது. 25-க்கும் 30-க்கும் இடையில் உள்ளவர்களுக்கு இவ்வளவு ஏற்றம் இல்லை.

சீனியும் பிரஷரும் கர்ப்ப காலத்திலேயே தெரிந்துவிடும். சோதித்துப் பார்த்து மருந்து கொடுக்கலாம். பிரசவ நேரத்தில் திடீரென்று வருபவைதான் வீடா ஆஸ்பத்திரியா என்ற கேள்வியைத் தீர்மானிக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று, வலி இழுத்துக்கொண்டே போவது. எடை கூடிய பெண்களுக்குக் கருப்பை வாய் திறக்க நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, குறிப்பாக முதல் பிரசவத்தில். அது மட்டும் என்றால் காத்திருக்கலாம். ஆனால் வயிற்றில் கொழுப்புப் படலம் தடிப்பாக இருந்தால், பிள்ளை தலைகீழாக இருக்கிறதா, குறுக்காக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்வதே கடினம். இதயத்துடிப்பைப் பிடிப்பதும் கடினம். அனுபவமுள்ள மாதுவுக்கே தடுமாறும் இடம் இது. நீண்டுபோகும் வலியில் பிள்ளை களைத்துப்போகிறதா என்று தெரியாமல் காத்திருப்பதில்தான் ஆபத்து.

அடுத்தது தோள் சிக்கிக்கொள்வது. தலை வெளியே வந்துவிடும், தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளும். பெரிய பிள்ளைகளுக்கும், சீனி வருத்தம் உள்ள தாயின் பிள்ளைகளுக்கும் இது கூடுதலாக நடக்கிறது. பழகியவர்கள் தாயின் இரண்டு முழங்கால்களையும் வயிற்றை நோக்கி நன்றாக மடக்கி, அடிவயிற்றில் குறிப்பிட்ட இடத்தில் அழுத்தி, பிள்ளையை விடுவித்துவிடுவார்கள். அதற்கு இருப்பது சுமார் 5 நிமிடம்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். பழகாதவர்கள் தலையைப் பிடித்து இழுப்பார்கள். கை நரம்பு அறுந்து பிள்ளையின் கை விளங்காமல் போவது அப்படித்தான்.

மூன்றாவது இரத்தப்போக்கு. என்னைக் கேட்டால், மலையில் வாழும் பெண் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலீட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. பிள்ளையும் நஞ்சும் வெளியே வந்ததும் கருப்பை இறுகிச் சுருங்கி அந்த இரத்தக் குழாய்களை நெரித்துவிட வேண்டும். சுருங்காவிட்டால் வாளி வாளியாகப் போகும். பிள்ளை பெரிதாக இருந்து கருப்பை அதிகம் விரிந்திருந்தாலும், வலி நீண்டு கருப்பை களைத்துப்போயிருந்தாலும் இந்த ஆபத்துக் கூடும். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த உடனேயே ஒக்சிடோசின் ஊசி போடுவது கருப்பையைச் சுருங்க வைக்கத்தான். ஊசியையும் மீறி இரத்தம் போனால் சேலைன், வேறு மருந்துகள், இரத்தம் ஏற்றுதல், கடைசியில் சத்திரசிகிச்சை என்று ஒன்றன் பின் ஒன்றாக வழி இருக்கிறது. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண்ணால் இந்த இழப்பைத் தாங்கவே முடியாது. எடை கூடிய பெண்ணுக்கு இரத்தசோகை இருக்காது என்று நினைக்க வேண்டாம். கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியுமே முக்கிய சாப்பாடாக இருந்தால் எடையும் ஏறும், இரத்தமும் குறையும்.

வெளிநாடுகளில் வீட்டில் பெறுகிறார்களே?

உண்மைதான். பிரித்தானியாவில் அரச சேவையிலேயே வீட்டுப் பிரசவத்தைத் தெரிவு செய்யலாம். ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு முழுவதும் இருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவ மாது வீட்டுக்கே வருவார், பிறக்கும் நேரத்தில் இருவர் இருப்பார்கள். ஒக்சிடோசின் ஊசி, பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கும் கருவி எல்லாம் கையோடு வரும். அழைத்தால் அம்புலன்ஸ் வந்து நேரே பிரசவ விடுதிக்குக் கொண்டுபோகும்.

அப்படியிருந்தும் இங்கிலாந்தில் 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். ஆபத்துக் குறைவு என்று தெரிந்தெடுத்த பெண்களிலேயே, வீட்டில் முதல் பிள்ளையைப் பெறத் திட்டமிட்ட 100 பேரில் சுமார் 45 பேரைப் பிரசவத்தின் போதோ பிறகோ ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களில் அது சுமார் 12 பேர். மாற்றியதில் பெரும்பகுதி உயிராபத்துக்காக இல்லை. வலி முன்னேறவில்லை, வலி தாங்க முடியவில்லை என்பது போன்ற காரணங்கள். ஆனாலும் மாற்ற வேண்டி வந்தது.

எடை விஷயத்தில் அங்குள்ள வழிகாட்டல், சுட்டி 35-க்கு மேல் என்றால் வைத்திய நிபுணர்கள் உள்ள பிரசவ விடுதியில் பெறச் சொல்கிறது. 30 முதல் 35 வரை என்றால் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஆய்வின் தரவுகளைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, முன்பே சுகப்பிரசவம் கண்ட, சீனியோ பிரஷரோ இல்லாத பருமனான பெண்ணுக்கு, முதல் பிள்ளை பெறும் சாதாரண எடையுள்ள பெண்ணைவிடச் சிக்கல் குறைவாகவே இருந்தது. ஆக, எடை என்ற ஒன்றை மட்டும் வைத்து யாரையும் எடைபோட்டுவிட முடியாது. முதல் பிரசவமா, முன்பு சிசேரியன் நடந்ததா, சீனி இருக்கிறதா, பிள்ளை எவ்வளவு பெரிது என்பவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் இலங்கையில் அந்த ஏற்பாடு இல்லை. குடும்பநல மாது வீடு தேடி வந்து கர்ப்பிணியைப் பார்ப்பார், பிரசவத்துக்குப் பிறகும் வருவார். பிரசவம் பார்க்க வீட்டுக்கு வருவது இன்றைய நடைமுறையில் இல்லை. நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில்தான் நடக்கின்றன. ஆகவே இங்கே வீட்டுப் பிரசவம் என்றால் ஊசியும் இல்லாமல், பழகிய கையும் இல்லாமல் பெறுவது. அப்புறம் பாதை. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ மேற்பிரிவு லயம் ஒன்றிலிருந்து இரவு, மழையில், பனிமூட்டத்தில் நிபுணர் உள்ள ஆஸ்பத்திரிக்கு இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து ரோட்டில் லொறியே தள்ளாடும். 5 நிமிடத்தில் செய்ய வேண்டிய ஒன்றை அந்தப் பாதையில் எப்படிச் செய்வது? எடை கூடிய பெண்ணிடம், குறிப்பாக முதல் பிள்ளை என்றால், வீட்டில் பெற வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஆச்சி சொல்வது பொய்யில்லை. ஆனால் 1930-களில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000 அளவில் தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது 30, 40 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. மலேரியாவைக் கட்டுப்படுத்தியதும், ஊருக்கு ஊர் மருத்துவ மாதுகளை வைத்ததும், இலவச ஆஸ்பத்திரியும், இரத்தம் ஏற்றும் வசதியும் சேர்ந்து செய்த வேலை அது. அந்தக் காலத்தில் காம்பராவிலேயே இறந்துபோன பெண்களின் கதையைச் சொல்ல அவர்கள் இல்லை.

சரி, வீட்டின் நிம்மதியை எப்படிப் பெறுவது?

வீட்டுப் பிரசவத்தில் ஒரு பெண் தேடுவது சுவரையும் கூரையையும் இல்லை. தன் மனிதர், தன் மொழி, மறைவு, எழுந்து நடக்கும் சுதந்திரம். இவற்றில் சிலவற்றையாவது ஆஸ்பத்திரியில் கேட்டுப் பெறலாம். கேட்பது உங்கள் உரிமை.

பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை அனுமதிக்கும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நிறைமாதம் ஆகும் முன்பே கிளினிக்கில் விசாரித்து வையுங்கள். அம்மா, அக்கா, நாத்தனார் என்று யாரை அழைத்தாலும், கொஞ்சம் சிங்களம் பேசத் தெரிந்தவராக இருந்தால் பாதிப் பயம் போய்விடும். வலி தொடங்கியதும் கட்டிலில் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டாம். பாரமான வயிறு முதுகுப் பக்கத்துப் பெரிய இரத்தக் குழாயை அழுத்தி, பிள்ளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். இடது பக்கம் சரிந்து படுங்கள். நடக்கலாமா, உட்காரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி சாதாரண பிரசவத்துக்குப் போதும். சுட்டி 30-க்கு மேல் என்றால், அல்லது கூடவே சீனி, பிரஷர் இருந்தால், விஓஜி டொக்டரும் (மகப்பேற்று நிபுணர்) சத்திரசிகிச்சைக் கூடமும் இரத்த வங்கியும் உள்ள இடம் தேவை. நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை, பேராதனை, கண்டி போன்ற இடங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் அவை உண்டு. உங்களுக்கு எது தோது என்று குடும்பநல மாதுவிடம் பேசுங்கள். விடுதிக்கு முன்பே வந்து தங்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். அல்லது ஹட்டனிலோ டவுனுக்குப் பக்கத்திலோ சொந்தக்காரர் வீடு இருந்தால், கடைசி இரண்டு மூன்று வாரம் அங்கே தங்கலாம். வலியின் ஆரம்ப மணித்தியாலங்களை ஒரு வீட்டில், தெரிந்த மனிதரோடு கழிக்க இது நல்ல வழி. எப்போது கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் டொக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அந்த இலக்கம் வீட்டில் எல்லாருடைய போனிலும் இருக்கட்டும். எவ்வளவு திட்டமிட்டாலும் சிலருக்கு வீட்டிலோ வழியிலோ பிறந்துவிடும். அப்போது பிள்ளையை உடனே துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் போட்டு, இருவரையும் சேர்த்துக் கம்பளியால் மூடுங்கள். எங்கள் குளிர் பச்சைப் பிள்ளைக்கு ஆகாது. தொப்புள்கொடியை வெட்ட வேண்டாம், நஞ்சைப் பிடித்து இழுக்கவே வேண்டாம்.

சாப்பாடும் எடையும்

கர்ப்ப காலத்தில் எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கக் கூடாது. எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சுட்டி 25 முதல் 29.9 வரை உள்ளவருக்கு முழுக் கர்ப்ப காலத்திலும் 7 முதல் 11.5 கிலோ, 30-உம் மேலும் என்றால் 5 முதல் 9 கிலோ. கார்டில் எடை ஏறுவதைக் குறிப்பது இதைப் பார்க்கத்தான்.

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்று மாமியார் அன்பாகத்தான் சொல்வார். ஆனால் முதல் மூன்று மாதத்தில் கூடுதலாக ஒன்றும் தேவையில்லை. அதற்குப் பிறகும் சாதாரண எடையுள்ள பெண்ணுக்கே ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட 300 முதல் 450 கலோரி கூடுதலாக இருந்தால் போதும். ஒரு தேக்கரண்டி சீனியில் சுமார் 20 கலோரி. நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டரைக் கரண்டி என்றால் அதுவே 250. முதலில் கை வைக்க வேண்டிய இடம் அந்தச் சீனிதான். ரொட்டியை மூன்றிலிருந்து இரண்டாக்கி, பக்கத்தில் பருப்பு, கீரை, முட்டை, நெத்தலி என்று எது கிடைக்கிறதோ அதைக் கூட்டுங்கள். இரும்புச்சத்து வில்லையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. தேயிலைச் சாயம் இரும்பை உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். மலையேறிக் கொழுந்தெடுப்பதை நிறுத்தியவர்கள் ஒரேயடியாக உட்கார்ந்துவிடாமல், தினம் அரை மணித்தியாலம் சமதரையான பாதையில் நடங்கள். ஈரப் படிகளில் வேண்டாம்.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம், இரத்தம் அல்லது பனிக்குட நீர் போவது, பிள்ளையின் அசைவு குறைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். இரவென்றாலும் கிளம்புங்கள்.

பிள்ளையோடு வீடு வந்த பிறகு குடும்பநல மாது வந்து பார்ப்பார். எடை கூடிய தாய் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டும். சிசேரியன் என்றாலும் டொக்டர் சொன்னதும் எழுந்து நடக்க வேண்டும். தையல் போட்ட இடத்தை உலர்வாக வைத்திருக்க வேண்டும், வயிற்று மடிப்புக்குக் கீழே புண் சீழ் பிடிப்பது இவர்களுக்குக் கூடுதல். பால் சுரக்க ஓரிரு நாள் பிந்தலாம். பால் இல்லை என்று முடிவு கட்டி மாப்பாலுக்குப் போய்விடாமல் அடிக்கடி மார்பில் போடுங்கள். கர்ப்ப காலத்தில் சீனி இருந்தவர்கள் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் சீனி சோதிக்க வேண்டும். பிள்ளைக்கு ஊசி போட எப்படியும் கிளினிக்குக்கு வருவீர்கள். அன்றைக்கே உங்கள் கார்டையும் எடுத்துப்போய், எனக்கும் சீனி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.